400 டாலர் உருட்டு

2021-இல் அமெரிக்காவில் ஒரு கோல்ஃப் மட்டை 3,93,300 டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் நம்ம ஊர்ப் பணம் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம். டைகர் வுட்ஸ் கோப்பைகளை ஜெயித்த மட்டையாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இது அந்த மட்டைக்கு மாற்றாக, அதே அச்சில் செய்து வைத்த இன்னொன்று. அசல் தொலைந்தாலோ வளைந்தாலோ உதவட்டும் என்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாவது ஆட்டக்காரருக்கு மூன்று கோடி கொடுத்த மாதிரி.

அந்த மட்டைக்கு ஆங்கிலத்தில் பட்டர் என்று பெயர். ஸ்ரீரங்கத்துப் பட்டரும் இல்லை, ரொட்டியில் தடவும் பட்டரும் இல்லை. பந்தைத் தூக்கி அடிக்காமல், குழியை நோக்கித் தரையில் உருட்டிவிடுவதற்கென்றே செய்த மட்டை. கோல்ஃப் ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். அதில் அதிகமாகக் கையில் எடுப்பது இதைத்தான். ஒரு சுற்றில் அடிக்கும் அடிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த உருட்டல்கள்தான்.

இன்று கடைக்குப் போனால் நூறு டாலருக்குள்ளும் பட்டர் கிடைக்கும். பெயர்பெற்ற நிறுவனத்தின் பட்டர் 400, 500 டாலர். சில 600-ஐத் தாண்டும். 400 டாலர் என்றால் 35,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டும் ஒரு கம்பியின் முனையில் உலோகத் துண்டு. அசையும் பாகம் கிடையாது, பேட்டரி கிடையாது, மென்பொருள் கிடையாது. அப்புறம் அந்த 300 டாலர் வித்தியாசம் எதற்கு?

நான் கோல்ஃப் வீரன் இல்லை. ஒரு புராஜெக்ட்டுக்காக சில மாதங்கள் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இருந்தபோது, உடன் வேலைபார்த்த மதுரைக்கார அண்ணன் ஒருவர் சனிக்கிழமைகளில் நகராட்சி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். அவரிடம் ஒன்பது பட்டர்கள் இருந்தன. “எதுக்குண்ணே ஒன்பது?” என்று கேட்டேன். “தம்பி, எட்டும் சரியில்லடா” என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் நூற்றிருபது வருஷக் கதை இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையின் இரண்டு முக்கியத் திருப்பங்களிலும் நிற்பது விளையாட்டு வீரர்கள் அல்ல. நம்மைப் போல மாதச் சம்பளம் வாங்கிய எஞ்சினியர்கள்.

ஒரு டிகிரி

கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். 1891-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் நிர்ணயித்தது, இன்றுவரை மாறவில்லை.

இப்போது குழியிலிருந்து பத்தடி தள்ளிப் பந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை சமதளம். வேகமும் அளவாக இருக்கிறது. பந்தின் மையம் குழியின் விளிம்புக்குள் வந்தால் போதும், விழுந்துவிடும். பள்ளிக்கூடத்து முக்கோணவியல் போட்டுப் பார்த்தால், இரண்டு பக்கமும் நமக்குக் கிடைக்கும் சலுகை சுமார் ஒரு டிகிரி. கடிகாரத்தின் நிமிட முள் பத்து விநாடியில் நகரும் தூரம். அதற்கு மேல் பட்டரின் முகம் திரும்பியிருந்தால் பந்து குழியை எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். சிக்கல் என்னவென்றால் நாம் எப்போதும் நடுவில் அடிப்பதில்லை. அரை அங்குலம் தள்ளிப் பட்டால் மட்டையின் தலை லேசாகத் திருகும். முகம் கோணும், பந்துக்குப் போகவேண்டிய வேகமும் குறையும்.

இந்தத் திருகலை எப்படிக் குறைப்பது? முதலாம் ஆண்டு எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் தாளில் நிலைமத் திருப்புத்திறன் என்று ஒரு பாடம் வரும். பரீட்சைக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு நாமெல்லாம் மறந்த பாடம். அதை நம்ம ஊர்க் கழைக்கூத்தாடி கையிலேயே வைத்திருக்கிறார். கயிற்றில் நடக்கும்போது குறுக்கே நீளமான கம்பு பிடிக்கிறார் இல்லையா? எடை மையத்தைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு சிரமம் அதைத் திருப்புவது. கம்பு அவர் சாய்வதை மெதுவாக்குகிறது, சமாளிக்க நேரம் கிடைக்கிறது. பட்டரின் தலையிலும் எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்குக் கொண்டுபோனால், ஓரத்தில் பட்டாலும் அது சட்டென்று திருகாது.

சொல்லிவிட்டால் எவ்வளவு எளிது! ஆனால் கோல்ஃப் உலகம் இதைப் பிடித்துக்கொள்ளச் சில நூற்றாண்டுகள் ஆயின.

இங்கிலாந்துக்கு வந்த அலுமினியம்

பழைய ஸ்காட்லாந்துப் பட்டர்கள் மரத்தால் ஆனவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ ஃபில்ப் என்ற தச்சர் செய்த நீள்மூக்கு மட்டைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அப்புறம் இரும்புத் தகடு வந்தது. தட்டையாக, ஒல்லியாக, வெண்ணெய்க் கத்தி மாதிரி. அன்றைய புல்தரை இன்றைக்குப்போல மழமழவென்று இருக்காது. பந்தைக் கொஞ்சம் கிளப்பிவிட்டால்தான் புல்லைத் தாண்டி உருளும். பாபி ஜோன்ஸ் புகழ்பெறச் செய்த ‘கலாமிட்டி ஜேன்’ பட்டரின் முகம் சுமார் 8 டிகிரி மல்லாந்திருந்தது. இன்றைய பட்டரில் அது 3, 4 டிகிரிதான்.

முதல் எஞ்சினியர் உள்ளே வருவது 1902-இல். பெயர் ஆர்தர் நைட். நியூயார்க் மாகாணத்தின் ஸ்கெனெக்டடி நகரத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை. கத்தி மாதிரி இருந்த தலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலுமினியத்தில் அகலமான தலை வார்த்தார். கம்பியை ஓரத்தில் பொருத்தாமல் நடுப்பக்கம் கொண்டுவந்தார். ஊர்ப் பெயரே மட்டைக்கும் ஒட்டிக்கொண்டது: ஸ்கெனெக்டடி பட்டர்.

1904-இல் வால்டர் டிராவிஸ் இங்கிலாந்துக்குப் போகிறார். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 35 வயதை நெருங்கும்போதுதான் மட்டையையே தொட்டார். அதற்குள் மூன்று முறை அமெரிக்க அமெச்சூர் பட்டம் வாங்கிவிட்டார். சாண்ட்விச் என்ற கடலோர ஊரில் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டி. பயிற்சியில் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. நண்பர் ஒருவரிடமிருந்து ஸ்கெனெக்டடி பட்டரைக் கடன் வாங்கி இறங்கினார். அதன்பின் எட்ட எட்ட நின்றெல்லாம் உருட்டிப் போட ஆரம்பித்தார். இறுதி ஆட்டத்தில் எதிராளி டெட் பிளாக்வெல், அந்தக் காலத்தின் நெடுந்தூர அடிக்குப் பேர்போனவர். தூரமாக அடித்தவர் தோற்றார், உருட்டியவர் ஜெயித்தார். அந்தக் கோப்பை பிரிட்டனைத் தாண்டிப் போனது அதுவே முதல்முறை.

இதற்கு என்ன எதிர்வினை வரும் என்று நீங்களே ஊகிக்கலாம். நியூசிலாந்து கிளப் ஒன்று, குரோக்கே விளையாட்டின் சுத்தியல் மாதிரி மட்டையால் உருட்டலாமா என்று கேட்டு எழுதியது. அந்த விவாதம் வளர்ந்து, 1910-இல் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் நடுவில் கம்பி பொருத்திய அந்த வகை மட்டைகளையே தடைசெய்தது. அமெரிக்கா அந்தத் தடையை ஏற்கவில்லை. ஒரே விளையாட்டு, இரண்டு கரையில் இரண்டு சட்டம். பிரிட்டிஷ் பக்கம் தடை நீங்கியது நாற்பது வருஷம் கழித்து, 1951-இல் இரு தரப்பும் உட்கார்ந்து விதிகளை ஒன்றாக்கியபோதுதான்.

இந்தக் கதையை எனக்குப் பிடிக்கக் காரணம் உண்டு. ஒரு கருவி ஒன்றுக்கும் உதவாது என்றால் யாரும் தடைசெய்ய மெனக்கெட மாட்டார்கள். கோல்ஃபின் பெரியவர்கள் ஒரு பட்டரைப் பார்த்துப் பயந்தார்கள். மட்டையில் விஷயம் இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அந்தத் தடை உத்தரவுதான்.

சர்க்கரைக் கட்டியும் ஐஸ் குச்சியும்

இரண்டாவது எஞ்சினியரும் ஜெனரல் எலெக்ட்ரிக்காரர்தான். கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-இல் நார்வேயின் பெர்கனில் பிறந்து, குழந்தையாகவே அமெரிக்காவின் சியாட்டிலுக்கு வந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். படிப்பு பாதியில் நின்றது. பையனும் செருப்புத் தைத்தார், பிறகு தானே படித்து எஞ்சினியர் வேலைக்குள் நுழைந்தார்.

கோல்ஃப் அவருக்கு 42 வயதில்தான் அறிமுகம். ஆபீஸ் நண்பர்கள் ஆடக் கூப்பிட்டார்கள். மற்றதெல்லாம் ஒருமாதிரி வந்துவிட்டது, உருட்டல் மட்டும் வரவில்லை. நாமாக இருந்தால் பயிற்சி போதவில்லை என்று நினைப்போம். அவர் மட்டையைச் சந்தேகப்பட்டார். எஞ்சினியர் புத்தி!

இரண்டு சர்க்கரைக் கட்டிகளை எடுத்து, ஐஸ் குச்சிகளால் அவற்றை இணைத்து ஒட்டி, நடுவில் ஒரு கம்பைச் செருகிப் பார்த்தார் என்று அவருடைய நிறுவனம் இன்றும் சொல்லும் கதை. எடை இரண்டு ஓரங்களில், நடுவில் காலி. கழைக்கூத்தாடியின் கம்பு. 1959-இல் கலிஃபோர்னியாவில் வீட்டு கராஜில் அதை உலோகத்தில் செய்தார். தலையில் வெட்டிய பிளவுகளால் பந்தைத் தொட்டதும் ‘பிங்’ என்று மணியடித்த மாதிரி சத்தம். அதையே பெயராக வைத்தார்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பார்க்க நன்றாக இல்லை, சத்தம் வேறு போடுகிறது. சோல்ஹைம் அசரவில்லை. வேலையை விடாமலேயே போட்டிகள் நடக்கும் இடங்களுக்குப் போய், பயிற்சி மைதானத்தில் நின்றுகொண்டு, ஆட்டக்காரர்களிடம் “ஒருதடவை உருட்டிப் பாருங்கள்” என்று நீட்டினார்.

1966 ஜனவரியில், கையில் கிடைத்த கிராமஃபோன் ரெக்கார்டு உறையின்மேல் ஒரு புதிய வடிவத்தை வரைந்தார். எடை இரு முனைகளிலும், பின்பக்கம் குடைந்த பள்ளம், குழாய்ரிப்பேர்க்காரரின் வளைகுழாய் மாதிரி மடிந்த கழுத்து. கழுத்து மடிந்திருப்பதால் ஆட்டக்காரரின் கை பந்துக்குச் சற்று முன்னால் இருக்கும், முகமும் மறைக்காமல் தெரியும். ‘ஆன்சர்’ என்று பெயர் வைக்கலாம் என்றார் மனைவி லூயிஸ். எழுத்துகள் பொறிக்க இடம் பத்தவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லில் உச்சரிக்கப்படாத ஓர் எழுத்தைத் தூக்கிவிடச் சொன்னதும் அவர்தான். 1967-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த வருஷமே சோல்ஹைம் வேலையை விட்டார். 1969-இல் ஜார்ஜ் ஆர்ச்சர் ஆன்சர் பட்டரோடு மாஸ்டர்ஸ் கோப்பையை ஜெயித்தார்.

நம் கேள்விக்கு முதல் பதில் இங்கே இருக்கிறது. 1967-இல் ஒருவர் கூடுதல் காசு கொடுத்து ஆன்சர் வாங்கியிருந்தால், அந்தக் காசு நியாயமானது. வேறு எங்கும் கிடைக்காத ஓர் அறிவை அவர் வாங்கினார். நடுவில் படாத பந்தும் ஓரளவு நேராகப் போகும் என்பது விளம்பரம் அல்ல, இயற்பியல்.

காப்புரிமை முடிந்த மறுநாள்

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 வருஷம். எண்பதுகளின் நடுவில் ஆன்சர் வடிவம் பொதுச்சொத்தானது. அப்புறம் என்ன, ஊரெல்லாம் ஆன்சர். இன்று எந்தக் கடையில் எந்த நிறுவனத்தின் அடுக்கைப் பார்த்தாலும் அந்த ரெக்கார்டு உறைப் படம் வெவ்வேறு பெயரில் தொங்கும். டைகர் வுட்ஸ் தன் 15 பெரிய பட்டங்களில் 14-ஐ ஜெயித்த ஸ்காட்டி கேமரன் நியூபோர்ட் 2, அதே பரம்பரையின் பேரப்பிள்ளை.

நம் துறையில் ஓப்பன் சோர்ஸ் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். மூல நிரல் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. இனிமேல் எதை விற்பது?

முதலில் விற்றது செய்முறையை. மலிவான பட்டர்கள் பொதுவாக வார்ப்பில் வருபவை. கோல்ஃப் தலைகளை வார்க்கும் ஒரு முறை மெழுகு அச்சு வார்ப்பு. சுவாமிமலைச் சிற்பிகள் ஐம்பொன் சிலைக்குச் செய்வதன் தொழிற்சாலை வடிவம். விலையுயர்ந்தவை உலோகக் கட்டியிலிருந்து சி.என்.சி. எந்திரத்தில் கடைந்து எடுப்பவை. எந்திர நேரம் அதிகம், வீணாகும் உலோகம் அதிகம், கையால் மெருகேற்றும் வேலையும் உண்டு. ஆகவே விலை ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. கையில் எடுத்தால் அழகாகவும் இருக்கிறது. சத்தம் மென்மை. ‘ஃபீல்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வதில் பெரும்பங்கு காதால் கேட்பதுதான்.

ஆனால் கவனியுங்கள். கடைந்து எடுத்ததால் நிலைமத் திருப்புத்திறன் கூடுவதில்லை. அதைத் தீர்மானிப்பது எடை எங்கே இருக்கிறது என்பதே தவிர, உலோகம் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதல்ல. வீட்டில் மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். பதினைந்தாயிரம் ரூபாய்க் கீபோர்டில் தட்டுவது சுகம். கோடில் உள்ள பிழை அப்படியேதான் இருக்கும்.

புதிய இயற்பியல் எதுவும் வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1986-இல் 46 வயது ஜாக் நிக்லாஸ், பார்த்தவர்கள் கேலிசெய்த ஒரு ராட்சத அலுமினியத் தலைப் பட்டரோடு மாஸ்டர்ஸ் ஜெயித்தார். ஸ்கெனெக்டடியின் ஆவி எண்பது வருஷம் கழித்து வந்து ஆடிய ஆட்டம். சமீபத்தில் லேப் கோல்ஃப் என்ற நிறுவனம், வீச்சின்போது முகம் தானாகத் திரும்பாதபடி எடையைச் சமன்செய்த பட்டர்களை விற்கிறது. 2025 யு.எஸ். ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பான் கடைசிக் குழியில் 64 அடியிலிருந்து உருட்டிப் போட்டு ஜெயித்தது அப்படி ஒன்றால். விலை 400-க்கு மேல். அந்த யோசனையின் உரிமை இன்னும் அவர்களிடம் இருப்பதால் அதற்கு விலை கேட்கிறார்கள், சரிதான். அதைப் போன்ற பட்டர்களை மற்ற நிறுவனங்களும் இறக்க ஆரம்பித்துவிட்டன. கொஞ்சம் பொறுத்தால் அதுவும் விலை இறங்கும்.

எண்கள் சொல்வது

கோல்ஃபில் ஒரு பழமொழி உண்டு: தூர அடி வேடிக்கைக்கு, உருட்டல் காசுக்கு. தென்னாப்பிரிக்கரான பாபி லாக் சொன்னதாகச் சொல்வார்கள். நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தவர். அவர் உருட்டியது மரக்கம்பு பொருத்திய, துருப்பிடித்த ஒரு பழைய பட்டரால். உலகமே இரும்புக் கம்பிக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. பென் கிரென்ஷா பதின்வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த, சுமார் 20 டாலர் பட்டரோடு 1984-இலும் 1995-இலும் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். இந்த இரண்டு உதாரணங்களை வைத்தே “மட்டையில் ஒன்றுமில்லை, எல்லாம் கையில்தான்” என்று கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் இரண்டு மேதைகளை வைத்துக் கணக்கு முடிக்கக் கூடாது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உண்மையான கணக்கைப் போட்டார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு அடியும் எங்கிருந்து எங்கே போனது என்று பதிவாகும். அந்தத் தரவை எடுத்து, ஒவ்வொரு அடியும் சராசரி ஆட்டக்காரரைவிட எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்று பிரித்தார். அவருடைய உருட்டல் அளவையை 2011-இல் பி.ஜி.ஏ. டூர் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூன்றடியிலிருந்து நூற்றுக்கு 96 முறை போடுகிறார்கள். எட்டடியில்? வெறும் 50. இருபதடியில் 15. டிவியில் நாம் பார்ப்பது முன்னணியில் இருப்பவர்களின் உள்ளே விழுந்த பந்துகளை. அதனால்தான் எல்லாமே விழும் என்று தோன்றுகிறது. உலகத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்கள், விரும்பிய பட்டரை இலவசமாக வாங்கக்கூடியவர்கள், எட்டடியில் நாணயம் சுண்டுகிறார்கள்.

இன்னொரு எண் பழமொழியையே கவிழ்த்துவிட்டது. 2004 முதல் 2012 வரை முன்னணியில் இருந்த 40 ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்கக் காரணம் என்ன என்று பிராடி பிரித்துப் பார்த்தார். அவர்களுடைய மேன்மையில் உருட்டலின் பங்கு 15 சதவீதம்தான். பெரும்பகுதி, பந்தைக் குழிக்கு அருகில் கொண்டுவந்து சேர்க்கும் நெடுந்தூர அடிகளிலிருந்து வந்தது. அடிகளில் 40 சதவீதம் உருட்டல். ஆனால் மேன்மையில் 15. ஏனென்றால் அந்த உருட்டல்களில் பாதி யாராலும் தவறவிட முடியாத குட்டி உருட்டல்கள். இன்னும் பல, யாராலும் போட முடியாத நீண்டவை. திறமை பேசுவது இடையில் உள்ள சில அடிகளில் மட்டும்.

அந்தச் சில அடிகளிலும் தரையின் சரிவைப் படிப்பது, வேகத்தைக் கணிப்பது, முகத்தை நேராக்குவது என்று மூன்று வேலை இருக்கிறது. பட்டரால் உதவ முடிந்தது மூன்றாவதில், அதிலும் ஒரு பகுதியில். 100 டாலர் பட்டருக்கும் 400 டாலர் பட்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பகுதியில் ஒரு துணுக்கு.

நம்பிக்கையின் விலை

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் ஒரு பரிசோதனை கண்ணில் பட்டது.

வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது. 41 மாணவர்களை எடுத்து இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே பட்டர்தான். ஒரு குழுவிடம் மட்டும், “இது 2003 பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்த பென் கர்ட்டிஸ் வைத்திருந்தது” என்றார்கள். சுத்தப் பொய். ஆளுக்குப் பத்து உருட்டல். பொய்யைக் கேட்டவர்கள் சராசரியாக ஒன்றரைப் பந்து கூடுதலாகப் போட்டார்கள். குழியின் அளவை வரையச் சொன்னபோது பெரிதாகவும் வரைந்தார்கள். அந்தப் பொய், அவர்கள் கண்ணுக்குக் குழியை அகலமாக்கிவிட்டது.

இணையத் தமிழில் இதற்குச் சரியான சொல் நம்மிடம் இருக்கிறது: உருட்டு. ஓர் உருட்டு, உருட்டலை மேம்படுத்திவிட்டது.

2016-இல் வேறொரு ஆய்வுக் குழுவும் இதே திசையில் போனது. பட்டரில் நைக்கி பெயர் இருக்கிறது என்று நம்பியவர்கள் குறைவான அடிகளில் குழிக்குள் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏன் நன்றாக ஆடினீர்கள் என்று கேட்டால், அவர்கள் பிராண்டைச் சொல்லவில்லை. தங்கள் திறமை என்றார்கள். இந்த விளைவு அதிகம் தெரிந்தது விளையாட்டுக்குப் புதியவர்களிடம்.

இவை சிறிய பரிசோதனைகள். இவற்றை வைத்து ஊரைக் கட்ட முடியாது. ஆனாலும் நான் போட்ட கணக்கில் இல்லாத ஒன்றை இவை உள்ளே கொண்டுவருகின்றன. எட்டடி தள்ளி நிற்கும்போது கை நடுங்காமல் இருப்பதற்கும் ஒரு டிகிரி தேவைப்படுகிறது. 400 டாலர் பட்டரைப் பிடித்தால் தோள் தளர்கிறது, மூச்சு சீராகிறது என்றால் அந்த விளைவு நிஜம். மாத்திரை வெறும் மாவாக இருக்கலாம், தலைவலி போனது உண்மை.

ஆனால் பரிசோதனையில் பயன்படுத்திய பட்டரை மறுபடி பாருங்கள். அது எல்லோருக்கும் கொடுத்த அதே பட்டர். ஒன்றரைப் பந்தைக் கூட்டியது ஒரு வாக்கியம், அதுவும் இலவசமாகச் சொன்னது. கடையில் அதே வாக்கியத்துக்கு 300 டாலர் கேட்கிறார்கள். இன்னொன்று, அந்த மாணவர்கள் உருட்டியது ஒரு மதியம் மட்டும். வாரம் தவறாமல் உருட்டுகிறவருக்கு நாலு சனிக்கிழமை தொடர்ந்து பந்து விளிம்பில் நின்றால் நம்பிக்கை கரைந்துவிடும். அப்போது அடுத்த பட்டர். மதுரை அண்ணனின் எட்டும் சரியில்லாமல் போனது அப்படித்தான். உலோகம் எட்டிலும் நன்றாகவே இருந்தது.

அப்போ வாங்கலாமா?

மேம்பட்ட ஆட்டம்தான் வேண்டும் என்றால் கூடுதல் 300 டாலர் தண்டம். நீளமும் சாய்வும் உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் ஒரு பட்டர், ஆன்சர் வடிவமோ அகலத் தலையோ, பழையதாக இருந்தாலும் போதும். உயரத்துக்குப் பொருந்தாத 400 டாலர் பட்டரைவிடப் பொருந்துகிற 80 டாலர் பட்டர் மேல். மிச்சப் பணத்தை ஒரு நல்ல பயிற்சியாளரிடம் கொடுக்கலாம். அழகுக்காக வாங்குகிறேன், எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். வீணை வாங்குகிறவர் அதன் யாளி முகத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். அதைத் திறமை என்று சொல்லி விற்கும்போதுதான் தகராறு.

நம்ம நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கே கோல்ஃபின் நிஜமான விலை பட்டரில் இல்லை, கிளப்பின் வாசல் கேட்டில் இருக்கிறது. 2009-இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த முனியப்பா, பெங்களூரில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்த கேடியாக இருந்தவர். 2016-இலும் 2017-இலும் அதே பட்டத்தை வென்ற சௌரசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். அவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு விலையுயர்ந்த மட்டையல்ல. தினமும் அந்தப் புல்லின்மேல் நிற்க முடிந்தது.

எனக்கு இந்த வரலாற்றில் மிச்சமாக நிற்பவர்கள் நைட்டும் சோல்ஹைமும்தான். இரண்டு பேரும் பட்டங்கள் வென்றவர்கள் இல்லை. பகலில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு வேலை, மிச்ச நேரத்தில் தங்களுக்குப் புரிபடாத ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தவர்கள். ஒருவருடைய யோசனையை 40 வருஷம் தடைசெய்தார்கள். இன்னொருவருடையதை எல்லோரும் நகலெடுத்தார்கள். சோல்ஹைம் 2000-இல் இறந்தபோது, அவர் நிறுவனத்தோடு போட்டிபோட்ட நிறுவனங்கள்கூட அவர் வரைந்த வடிவத்தைத்தான் விற்றுக்கொண்டிருந்தன.

நாம் எழுதும் நிரல்களில் ஏதாவது ஒன்றுக்கு அந்தக் கதி கிடைத்தால் போதும் என்று சில நாள் தோன்றும். யார் எழுதியது என்றுகூடத் தெரியாமல், காசு கொடுக்காமல், எல்லோரும் அதன்மேல் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். கடையின் மூலையில் தள்ளுபடி அட்டையோடு நிற்கும் 80 டாலர் பட்டரில் நடப்பது அதுதான். ஓரத்தில் பட்ட பந்தை நேராக அனுப்பும் அந்த அறிவு அதற்குள்ளும் முழுசாக இருக்கிறது. அதற்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை.